57 வயதில் நார்தர்ன் சோல் ஆடப் போகலாமா?

கேள்வி இது: "இங்கிலாந்தின் போல்டனில் இருபது ஆண்டுகளாக இருக்கிறேன். வயது 57. பிள்ளைகள் இருவரும் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டார்கள். என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர் ஒருவர், அவருக்கு 64 வயது, மாதம் ஒரு சனிக்கிழமை 'நார்தர்ன் சோல்' ஆடப் போகிறார். என்னையும் கூப்பிடுகிறார். அந்தப் பாட்டுகளை நான் கேட்டதில்லை. ஆடவும் தெரியாது. ஊரிலிருக்கும் அக்காவிடம் சொன்னால் 'காலம் போன காலத்தில் உனக்கு என்னடி ஆட்டம்' என்கிறாள். போகலாமா? போனால் அங்கே என்ன நடக்கும்?"

போங்கள். இந்த மாதமே போங்கள். சோல் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உருக்கமான பாட்டு வகை. 1960-களில் வந்த அந்த வகைப் பழைய இசைத்தட்டுகளைப் போட்டு வடக்கு இங்கிலாந்தில் ஆடுவதுதான் நார்தர்ன் சோல். நானும் 52 வயதில்தான் அந்தக் கூட்டத்துக்குள் முதல் முறை நுழைந்தேன், இப்போது 63. இந்தப் பதினோரு ஆண்டுகளில் லங்காஷயர் பக்கத்து கிளப்புகளில் நான் போகாத இடம் குறைவு. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் அக்காவின் பேச்சிலிருந்து தொடங்குவோம். காலம் போன காலத்தில் என்கிறாரே, நீங்கள் கேட்கப்போகும் பாட்டுகளின் கதையே அதுதான். வெளியான அன்று யாரும் வாங்கவில்லை. ரேடியோவில் போடவில்லை. பாடியவர்கள் மனம் வெறுத்து வேறு பிழைப்பு தேடிப் போனார்கள். பல ஆண்டு கழித்து, கடல் கடந்து, வேறொரு நாட்டுப் பிள்ளைகள் அந்த இசைத்தட்டுகளைத் தூசி தட்டி எடுத்து விடிய விடிய ஆடினார்கள். இப்படித் தாமதமாக வாழ்வு கிடைத்த பாட்டுக்கு 57 வயதில் ஆடப் போவதில் தப்பென்ன இருக்கிறது?

கதை அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் தொடங்குகிறது. பெர்ரி கோர்டி என்ற கறுப்பின இளைஞர் அங்கே கார் தொழிற்சாலையின் அசெம்ப்ளி லைனில் வேலை பார்த்தவர். 1959-இல் வீட்டாரிடம் 800 டாலர் கடன் வாங்கி ஓர் இசைத்தட்டு கம்பெனி தொடங்கினார். அதுதான் பிறகு மோட்டவுன் ஆனது. சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ், டெம்ப்டேஷன்ஸ் என்ற பாட்டுக் குழுக்கள் எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள். அந்த வெற்றியைப் பார்த்து டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் குட்டிக் குட்டி கம்பெனிகள் முளைத்தன. எல்லாம் மோட்டவுன் மாதிரி ஒரு ஹிட் கொடுத்துவிட வேண்டும் என்று பதிவு செய்தவை. நல்ல குரல், நல்ல வாத்தியக்காரர்கள், ஆனால் விளம்பரத்துக்குக் காசு கிடையாது. விற்காத தட்டுகள் பெட்டி பெட்டியாகக் கிடங்குகளில் கிடந்தன.

இங்கிலாந்தில் அதே காலத்தில் மான்செஸ்டரில் 'ட்விஸ்டட் வீல்' என்று ஒரு கிளப். 1963-இல் தொடங்கி 1971 வரை நடந்தது. மில்லிலும் சுரங்கத்திலும் ஆபீசிலும் வாரம் முழுக்க உழைத்த இளைஞர்கள் சனி இரவு அங்கே சோல் இசைக்கு விடியும்வரை ஆடினார்கள். 1960-களின் கடைசியில் அமெரிக்க இசை மாறிவிட்டது. தாளம் கனத்து 'ஃபங்க்' என்ற புது வகைப் பக்கம் போனது. லண்டன்காரர்கள் புதியதோடு போனார்கள். வடக்கத்திக்காரர்கள் மாறவில்லை. அவர்களுக்கு 1964, 65, 66-இல் வந்த அந்த வேகமான மோட்டவுன் தாளம்தான் வேண்டும். ஆனால் அப்படிப் புதிதாக யாரும் பாட்டு போடுவதில்லை. அப்புறம் என்ன செய்வது? பழையதைத்தான் தோண்ட வேண்டும், அதுவும் முன்பு யாரும் கேட்காத பழையதை.

நார்தர்ன் சோல், அதாவது 'வடக்கத்தி சோல்', என்ற பெயரும் இப்படித்தான் வந்தது. டேவ் கோடின் என்ற பத்திரிகையாளர் லண்டனில் சோல் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். கால்பந்து மேட்சுக்காக லண்டன் வரும் வடக்கத்தி இளைஞர்கள் புது ஃபங்க் தட்டுகளைத் தொடுவதில்லை என்று கவனித்தார். "வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த மாதிரி எடுத்துப் போடுங்கள்" என்று கடை ஆட்களுக்குப் புரிய வைக்க நார்தர்ன் சோல் என்று சொல்லப்போய், 1970-இல் 'ப்ளூஸ் அண்ட் சோல்' பத்திரிகையில் அதையே எழுதினார். அமெரிக்காவில் பிறந்த இசைக்கு வடக்கு இங்கிலாந்தின் பெயர் வந்தது ஒரு கடைக்காரரின் வசதிக்காக. பாடிய கறுப்பினப் பாடகர்களுக்கு இப்படி ஒரு பெயர் இருப்பதே அன்று தெரியாது.

பிறகு டிஜேக்களின் வேட்டை தொடங்கியது. அமெரிக்கா போய்க் கிடங்குகளிலும் பழைய சாமான் கடைகளிலும் சில காசுக்குத் தட்டு வாங்கி வருவார்கள். ஒருவரிடம் மட்டும் ஒரு பாட்டு இருந்தால் அந்த டிஜே எங்கே போடுகிறாரோ அங்கே கூட்டம் போகும். அதனால் தட்டின் நடுவிலிருக்கும் லேபிளில் வெள்ளைத்தாள் ஒட்டி, பாடகருக்குப் பொய்ப் பெயர் வைத்து ஒலிக்க விடுவார்கள். இதற்கு 'கவர் அப்' என்று பெயர். ஃபிராங்க் வில்சனின் 'டூ ஐ லவ் யூ' தெரியுமா? 1965-இல் மோட்டவுனின் கிளைக் கம்பெனிக்காகப் பதிவானது. வில்சன் பாடகராகாமல் தயாரிப்பாளராகவே இருப்பதென்று முடிவானதும் அடித்த தட்டுகளை அழித்துவிட்டார்கள். தப்பித்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. 1970-களில் அது இங்கே எடி ஃபாஸ்டர் என்ற பொய்ப் பெயரில் ஒலித்தது. 2009-இல் ஒரு தட்டு ஏலத்தில் 25,000 பவுண்டுக்கு மேல் போனது. ஏழு அங்குலம் அகலமுள்ள, மூன்று நிமிடம்கூட ஓடாத ஒரு பிளாஸ்டிக் தட்டு! நீங்கள் போகும் இடத்தில் இந்தப் பாட்டு நிச்சயம் வரும். வந்தவுடன் யார் எங்கே இருந்தாலும் எழுந்து ஓடி வருவார்கள். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இந்த இசையின் மிகப் பெரிய கோயில் இருந்தது. விகன் கேசினோ. பெயரில் கேசினோ இருந்தாலும் சூதாட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழைய நடன மண்டபம். 1973 செப்டம்பர் 23-ஆம் தேதி அங்கே முதல் 'ஆல்நைட்டர்', அதாவது விடிய விடிய நடக்கும் ஆட்டம், நடந்தது. இரவு 2 மணிக்குக் கதவு திறக்கும், காலை 8 மணிக்கு முடியும். மது விற்பனை கிடையாது. பிரிட்டன் முழுவதிலிருந்தும் ரயிலிலும் பஸ்ஸிலும் பிள்ளைகள் வந்து குவிந்தார்கள். 1981 டிசம்பர் 6-ஆம் தேதியோடு மூடினார்கள். பிறகு கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். ஸ்டோக் பக்கம் 'கோல்டன் டார்ச்', ப்ளாக்பூலில் 'மெக்கா'வின் ஹைலேண்ட் ரூம் என்று வேறு புகழ்பெற்ற இடங்களும் உண்டு. பழைய ஆட்கள் இரண்டு பேர் சேர்ந்தால் மெக்காவா கேசினோவா என்று இன்றும் சண்டை வரும். மெக்காவில் 1970-களின் புதுப் பாட்டுகளையும் போட்டார்கள், கேசினோ 60-களின் வேகத்தை விடவில்லை. அதுதான் சண்டையின் மூலம். நீங்கள் எந்தப் பக்கமும் சேர வேண்டாம், கேட்டுக்கொண்டிருங்கள், சுவையாக இருக்கும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அந்தக் காலத்து ஆல்நைட்டர்களில் தூக்கம் வராமலிருக்க மாத்திரை போடும் பழக்கம் பரவலாக இருந்தது. போலீஸ் தொல்லை, உயிரிழப்பு, எல்லாம் உண்டு. டார்ச் 1973-இல் மூடியதற்கும் அது ஒரு காரணம். இன்று உங்கள் தோழி கூப்பிடும் இடத்தில் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. நான் போகும் இடங்களில் மேசை மேல் இருப்பவை தண்ணீர் பாட்டில், பீர், யாராவது வீட்டில் செய்து கொண்டுவந்த கேக்.

சரி, பாட்டு எப்படி இருக்கும்? முதலில் காதில் விழுவது தாளம்தான். நாலு எண்ணிக்கையில் நாலுக்கும் ஸ்நேர் டிரம் அடி விழும். 'ஸ்டாம்பர்' என்பார்கள். அதன் மேல் டம்போரின், பியானோ, வயலின் கூட்டம், ஊது வாத்தியம். எல்லாம் துள்ளும். ஆனால் பாடுகிறவர் குரலை மட்டும் தனியாகக் கேளுங்கள்: விட்டுப் போனவரை நினைத்துக் கதறிக்கொண்டிருப்பார். வார்த்தையெல்லாம் பிரிவு, ஏமாற்றம், தனிமை. துக்கத்தைச் சொல்லிக்கொண்டே கால் துள்ளும் இசை இது. என் கணவர் போன இரண்டாவது ஆண்டில் பக்கத்து வீட்டுப் பெண்மணி கட்டாயப்படுத்தி அழைத்துப் போனபோது, மூன்றாவது பாட்டிலேயே எனக்கு இது பிடிபட்டுவிட்டது. வீட்டில் அழ முடியாததை அங்கே ஆட முடிந்தது. 17 வயதில் விகனுக்குப் போனவர்கள் அந்த வார்த்தைகளை எவ்வளவு புரிந்துகொண்டிருப்பார்கள்? அவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள், இப்போதுதான் பாட்டு புரிகிறது என்று. தாமதமாக வருகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு நன்மை இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆட்டத்துக்கு வருவோம். உங்கள் பயமே அதுதானே. இதில் ஜோடி தேவையில்லை. எல்லாரும் தனித்தனியாக, தன் இடத்தில் நின்று ஆடுவார்கள். யாரும் வந்து கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள், யாரும் உங்களை ஆட அழைப்பார்களா என்று ஓரத்தில் காத்திருக்கவும் வேண்டாம். வெளியூரிலிருந்து தனியாக வரும் பெண்களுக்கு இதைவிட நிம்மதியான ஆடுதளம் நான் பார்த்ததில்லை. யூடியூபில் பழைய வீடியோ பார்த்தீர்களானால் பையன்கள் பம்பரமாகச் சுழல்வதும், பின்னால் சாய்ந்து விழுந்து எழுவதும், காலைத் தலைக்கு மேல் தூக்குவதும் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். அன்று அப்படி ஆடியவர்களில் பாதிப் பேருக்கு இன்று முழங்கால் ஆபரேஷன் ஆகிவிட்டது. அவர்களும் இப்போது கால் வேலை மட்டும்தான் செய்கிறார்கள், அதுதான் இந்த ஆட்டத்தின் உயிர்.

கால் வேலை என்றால் இதுதான்: உடம்பின் எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாற்றி மாற்றி, பக்கவாட்டில் மூன்று நாலு எட்டு போய்த் திரும்பி வருவது. பாதம் தரையை விட்டு எழும்பாமல் வழுக்கிக்கொண்டே போகும். இடுப்புக்கு மேலே நேராக, தளர்வாக இருக்கும். கை தன்பாட்டில் வரும். வீட்டுச் சமையலறையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு, ஒரு கையால் மேடையைப் பிடித்தபடி தினம் இரண்டு பாட்டுக்குப் பழகுங்கள். இரண்டு வாரத்தில் கால் தானாகப் போகும். சில பாட்டுகளில் வாத்தியம் சட்டென்று நிற்கும் இடத்தில் மண்டபம் முழுக்க ஒரே கைதட்டல் விழும். எங்கே விழும் என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். நாலைந்து தடவை போனால் உங்கள் கையும் சரியான இடத்தில் விழும். அந்த முதல் தட்டல் விழும் நாளை நீங்கள் மறக்க மாட்டீர்கள், நான் மறக்கவில்லை.

செருப்பு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். ரப்பர் அடி கூடாது. தரையைக் கவ்விக்கொள்ளும், நீங்கள் திரும்புவீர்கள், பாதம் திரும்பாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். முதல் முறை நடைப்பயிற்சி ஷூவோடு போய் ஆறு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு இருந்தவள் நான். தோல் அடி வைத்த தட்டையான ஷூ வேண்டும். பழைய ஷூவுக்கே தோல் அடி போட்டுத் தரும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். தரையில் டால்கம் பவுடர் தூவுவது இந்தக் கூட்டத்தின் பழைய வழக்கம், வழுக்குவதற்காக. சில மண்டபங்களில் அனுமதி இல்லை. கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாகத் தூவாதீர்கள்.

உடையில் கட்டாயம் எதுவுமில்லை. அகலக் கால் பேண்ட், சுற்றினால் விரியும் நீளப் பாவாடை என்று அந்தக் காலத்துக் கோலத்தில் வருகிறவர்கள் இருப்பார்கள், பார்க்க அழகாக இருக்கும். நான் பருத்திச் சுடிதாரில்தான் போகிறேன், துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு. வியர்த்துக் கொட்டும், மாற்றுச் சட்டையும் சின்னத் துண்டும் எடுத்துப் போங்கள்.

எழுதாத சட்டங்கள் சில உண்டு. ஆடுதளத்துக்குள் கிளாஸோடு போகக்கூடாது. ஒரு சொட்டு சிந்தினால் தோல் அடிக்காரர் ஒருவர் விழுவார். குறுக்கே நடக்கக்கூடாது, ஓரமாகச் சுற்றிப் போக வேண்டும். நடுவில் நின்று அரட்டை அடிக்கக்கூடாது. டிஜேயிடம் பாட்டின் பெயர் கேட்கலாம், மகிழ்ந்து சொல்வார்கள். பெரும்பாலும் அசல் '45' தட்டுகளைத்தான் (நிமிடத்துக்கு 45 சுற்று சுழலும் சின்னத் தட்டுகள்) போடுவார்கள், நகல் போட்டால் மதிப்பு போய்விடும். ஓரத்தில் பெட்டி பெட்டியாகத் தட்டு விற்கும் மேசையும் இருக்கும். முதல் மாதம் வாங்காதீர்கள். பித்துப் பிடித்தால் பணம் கரையும்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த மண்டபத்தில் நம் நிறத்தவர் அநேகமாக நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். பாடுகிறவர்கள் அநேகமாகக் கறுப்பர்கள், ஆடுகிறவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். எனக்கு முதல் பத்து நிமிடம் உறுத்தியது. பிறகு கவனித்தேன், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் தன் காலையும் பாட்டையும்தான் கவனிக்கிறார்கள். சட்டையில் ஒட்டியிருக்கும் பேட்ஜுகளைப் பாருங்கள்: மடக்கிய முஷ்டி, 'கீப் தி ஃபெய்த்' (நம்பிக்கையை விடாதே) என்ற வாசகம். அந்த முஷ்டி அமெரிக்கக் கறுப்பின விடுதலைப் போராட்டத்திலிருந்து வந்தது. அணிகிறவர்கள் எல்லாருக்கும் அது தெரியுமா என்றால், தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், பழகியவர்களிடம் சொல்லவும் செய்கிறேன். அதேபோல, பாடியவர்களில் பலருக்கு இந்த ஆட்டத்தால் ஒரு காசும் போய்ச் சேரவில்லை. கள்ளத்தனமாக அடித்த தட்டுகள் ஏராளம். சிலருக்கு மட்டும் நல்லது நடந்தது. மேஜர் லான்ஸ் 1972-இல் டார்ச்சில் வந்து பாடினார். டாமி ஹன்ட், எட்வின் ஸ்டார் போன்றவர்கள் இந்த நாட்டுக்கே குடிவந்தார்கள். க்ளோரியா ஜோன்ஸ் 1960-களில் பாடி விற்காமல் போன 'டெய்ன்டட் லவ்', 1981-இல் சாஃப்ட் செல் குழு மறுபடி பாடியபோது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டை இங்கே உயிரோடு வைத்திருந்தது கிளப் ஆட்டக்காரர்கள்தான்.

முதலில் ஏழு எட்டு மணிக்குத் தொடங்கி நள்ளிரவில் முடியும் சோல் நைட்டுக்குப் போங்கள். தொழிலாளர் கிளப், கிரிக்கெட் கிளப் மண்டபங்களில் நடக்கும். சில பவுண்டுதான் நுழைவுக்கட்டணம். ஆல்நைட்டரை உடம்பு பழகிய பிறகு பார்க்கலாம். ஸ்டோக்கின் கிங்ஸ் ஹால், லண்டனில் 1980 முதல் ஆல்நைட்டர் நடத்திவரும் 100 கிளப் இரண்டுக்கும் ஒரு முறையாவது போக வேண்டும். ஸ்டோக்கின் அந்த மரத் தரை... அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

கடைசிப் பாட்டுவரை இருந்துவிட்டு வாருங்கள், இது என் வேண்டுகோள். விகன் கேசினோவில் காலை எட்டு மணிக்கு முன் ஒவ்வொரு முறையும் அதே மூன்று பாட்டுகளைத்தான் போட்டு முடிப்பார்கள். 'எட்டுக்கு முன் மூன்று' என்று அதற்குப் பெயர். ஜிம்மி ராட்கிளிஃப், டோபி லெஜெண்ட், டீன் பாரிஷ் பாடியவை. ஜிம்மி ராட்கிளிஃப் 1973 ஜூலையில் இறந்துவிட்டார். கேசினோ திறந்தது செப்டம்பரில். தன் பாட்டைக் கேட்டு ஆயிரம் பேர் விடியற்காலையில் கண் கலங்குவார்கள் என்று அறியாமலே போய்விட்டார்.

அந்த மூன்றில் ஒன்று டோபி லெஜெண்ட் 1968-இல் பாடிய 'டைம் வில் பாஸ் யூ பை'. காலம் உன்னைக் கடந்து போய்விடும் என்று அர்த்தம். நான் போன முதல் இரவில், நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அது வந்தது. முழங்கால் வலியோடு உட்கார்ந்திருந்தேன். என் பக்கத்தில் கோட்டும் பையுமாகக் கிளம்பத் தயாராக நின்ற எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண்மணி, கோட்டைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஆடப் போனார். பாட்டு முடிந்து வந்து கோட்டை வாங்கிக்கொண்டு, "அடுத்த மாதம் நல்ல ஷூ போட்டு வா" என்றார். நீங்கள் போகும் இடத்தில் அந்தப் பாட்டு வந்தால் உட்கார்ந்திருக்காதீர்கள். அக்காவுக்கு மறுநாள் போன் செய்து என்ன ஆடினீர்கள் என்று சொல்லுங்கள், பாட்டையும் அனுப்பி வையுங்கள்.